எட்டுத் தொப்பி

றிப்தா,

நூல் வாங்கி வந்ததும் சாப்பிடு. சோறும் பருப்பும் மேசையில் மூடி வைத்திருக்கிறேன்.

நாலு மணிக்கு அந்தக் கடுகண்ணாவை ஊர் ஷப்ராஸ் வந்தால், தொப்பி தீர்ந்துவிட்டது என்று சொல். நீ பின்னியவை எல்லாவற்றையும் அம்பிட்டிய கிளினிக் வாசலுக்கு எடுத்துப் போகிறேன்.

கல்யாணமே ஆகாதவன் இதுவரை ஏழு குழந்தைத் தொப்பி வாங்கிவிட்டான். நீ பேஸ்புக்கில் போடும் ஒவ்வொரு படத்துக்கும் இதயம் போடுகிறான். அவனை நல்ல கஸ்டமர் என்கிறாய். கைக்குழந்தை வைத்திருப்பவள்தான் கஸ்டமர். இன்று ஊசி போடும் நாள்; நிறையப் பேர் வருவார்கள்.

"நைட் வேலையையும் விட்டுட்டு, கஸ்டமர் தேடவும் தெரியாம படுத்துக் கிடக்கிறீங்க" என்று நேற்றுச் சொன்னாய். இப்போது தேடப் போகிறேன்.

நஸீப்

அவனுக்குத் தேநீர் ஊற்ற வேண்டாம்.

அவன் வாங்கியது ஏழு; நான் எட்டாவது தொப்பியையும் விற்காமல் வீட்டுக்கு வரமாட்டேன்.