பழைய அரிசிக்கு வார்த்தை கொடுத்திருக்கிறேன்

என்னோடு பேசாமலே மூன்று வருஷம் என் கையால் சாப்பிட்ட என் அன்பு மாமாவுக்கு,

போன வாரம் உங்கள் முதல் வருஷத் திதி முடிந்தது. படையல் எல்லாம் குறையில்லாமல் நடந்தது. சாப்பிட்ட கை காய்வதற்குள் உங்கள் சின்ன மகன் சேகர் ஒரு மனைத் தரகரைக் கூட்டிவந்து கூடத்தில் உட்காரவைத்தான். அவர் கையில் சுருட்டிய வரைபடம். விரித்துக் காட்டினார். நம் நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, முப்பதடி ரோடு விட்டு, நீங்கள் நாற்று விடுகிற மூலையில் ஒரு பூங்காவும் வைத்திருந்தார். அதில் ஊஞ்சல்கூட வரைந்திருந்தது, மாமா.

இதை உங்களுக்கு எழுதுகிறேன். ஆனால் ஊரும் படிக்கட்டும். மாமனாரை எதிர்த்தவள், மண்டிக்காரரைக் களத்தோடு திருப்பி அனுப்பியவள் என்று என்னைப் பற்றி இங்கே பேசுகிறவர்கள் நிறைய. பாதிக் கதை பேசுவதைவிட முழுக்கதையும் தெரிந்துகொண்டு பேசட்டுமே.

பட்டா இன்னும் உங்கள் பெயரில்தான் இருக்கிறது. விற்க வேண்டுமென்றால் உங்கள் பிள்ளைகள் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். சேகர் தயார். தன் அண்ணனைப் பார்த்து என்ன சொன்னான் தெரியுமா?

"நைனா ஆஸ்பத்திரில எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போனாரு. நெலத்த வித்துட்டு ஆளுக்குப் பாதி எடுத்துக்குங்கடான்னாரு."

உங்கள் பெரிய மகன், என் வீட்டுக்காரர், தலையைக் குனிந்துகொண்டார். "நைனா வாயால சொல்லியிருந்தா நான் மீற மாட்டேன் மல்லிகா" என்றார் என்னிடம்.

நீங்கள் அப்படிச் சொன்னீர்களா மாமா?

அதற்குப் பதில் தேடித்தான் ஒரு வாரமாகப் பழையதையெல்லாம் கிளறிக்கொண்டிருக்கிறேன்.

நான் இந்த வீட்டுக்கு வந்தபோது உங்கள் வழி ஒரே வழி. களத்தில் நெல் குவிந்ததும் பூந்தமல்லி மண்டிக்காரர் வருவார். ஒரு நெல்லை எடுத்துக் கடிப்பார். சித்திரை வெயிலில் காய்ந்து நொறுங்குகிற நெல்லாக இருந்தாலும் "ஈரம் கீது பெரியவரே" என்பார். விலை இறங்கும். நீங்கள் தலையாட்டுவீர்கள். பிறகு மரக்கால் எடுத்து அளப்பீர்கள். முதல் மரக்காலுக்கு ஒன்று என்று சொல்லக்கூடாது, லாபம் என்று சொல்லித்தான் எண்ண வேண்டும் என்பது நம் வழக்கம். லாபம், ரெண்டு, மூணு என்று உங்கள் குரல் களம் முழுக்கக் கேட்கும். அந்த ஒரு மரக்காலோடு நமக்கு லாபம் முடிந்துபோகும்.

நான் கள்ளிக்குப்பத்தில் கீரைக்கூடை தூக்கி வளர்ந்தவள். காலையில் விற்காத கீரை மத்தியானம் மாட்டுக்கு என்பது எனக்குத் தெரியும். ஆனால் நெல் கீரை இல்லையே. ஏன் ஊரே ஒரே வாரத்தில் அறுத்து ஒரே வாரத்தில் ஒரே ஆளிடம் விற்க வேண்டும் என்று கேட்டேன்.

"நெல்லு வெளைய வைக்கிறது நம்ம வேல. விக்கிறது அவன் வேல. நீ போய் மாட்டுக்குத் தண்ணி காட்டு" என்றீர்கள். காட்டினேன். ஆனால் கேள்வி போகவில்லை.

அடுத்த தை அறுப்பில் உங்கள் பெரிய மகனிடம் கேட்டுப் பத்து மூட்டையைத் தனியாக ஒதுக்கினேன். மில்லில் கொடுத்து அரைத்து, ட்ரைசைக்கிளில் ஏற்றி, ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலைக்காரர்கள் குடியிருக்கிற குவார்ட்டர்ஸுக்குக் கொண்டுபோனேன். கீரை விற்ற காலத்துப் பழக்கம். எந்த லைனில் எந்த ஊர்க்காரர் என்று அப்போதே தெரியும். "புது அரிசி! களத்துலருந்து நேரா வந்த புது அரிசி!" என்று கூவினேன். மத்தியானத்துக்குள் காலி. மண்டிக்காரர் கொடுத்திருக்கக்கூடியதைவிட எவ்வளவோ அதிகம். திரும்பி வரும்போது எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

மறுவாரம் போனேன். குழாயடியில் எனக்காகவே காத்திருந்தார்கள். முன்னால் நின்றவர் பார்வதியக்கா. திருநெல்வேலிக்காரர், வீட்டுக்காரர் தொழிற்சாலையில் ஃபிட்டர். ஒரு தட்டை என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"ஏளா, இது சோறா, களியா? கரண்டிய வச்சா கூடவே வருது பாரு."

"புது அரிசிக்கா. அப்பிடித்தான் கொஞ்சம்…"

"புதுசுன்னா பொங்கலுக்கு வச்சுக்கிட வேண்டியதுதான? எங்க வீட்டு அவுக காலையில டப்பா கட்டிட்டுப் போறவுக. மத்தியானம் தொறந்தா ஒத்தை உருண்டையால்லா இருக்கு! செங்கல் கொண்டாந்தியான்னு கூட வேல பாக்கவுக கேலி பேசுதாங்க."

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. புது அரிசி என்றால் நமக்குப் பெருமை. முதல் பானையைச் சூரியனுக்குப் படைக்கிற வீடு நம் வீடு. அந்தப் பெருமையைத்தான் நான் கூவி விற்றிருக்கிறேன். தினமும் வடித்து டப்பாவில் அடைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு வேண்டியது பெருமை இல்லை, ஒட்டாத சோறு. நெல் விளைகிற வீட்டில் இருக்கிற யாரும் செய்யக்கூடிய தப்பு அது. ஆனால் செய்தது நான்தான்.

வீடு வீடாகப் போய்ப் பணத்தைக் கொடுத்து மிச்சமிருந்த அரிசியைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். அதை இட்லிக் கடைகளுக்குத் தள்ளிவிட்டது வேறு கதை. பார்வதியக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொடுத்ததத் திருப்பி எடுக்குத வியாபாரிய நான் இப்பத்தான் பாக்கேன். நல்லாக் கேட்டுக்கோ. ஒரு வருசம் கெடந்த நெல்லுல அரைச்ச அரிசி கொண்டா. இந்த லைன்ல அம்புட்டு வீட்டுக்கும் நான் சொல்லுதேன்."

ஒரு வருஷம். அந்த வார்த்தைதான் நம் வீட்டை இரண்டாக்கியது.

அடுத்த அறுப்புக்கு மண்டிக்காரர் வந்தார், நெல்லைக் கடித்தார், ஈரம் என்றார். உங்கள் தலை ஆடுவதற்கு முன்னால் நான் குறுக்கே போய் நின்றேன். "ஈரமா இருந்தா உட்டுடுங்கண்ணா. ஒரு வருசம் காயட்டும்" என்றேன். களத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இன்னா பெரியவரே, ஊட்ல பொம்பள ராஜ்ஜியமா?" என்று அவர் உங்களைக் கேட்டார்.

நீங்கள் என்னையும் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டீர்கள். உங்கள் பெரிய மகன் முதல்முறையாக என் பக்கம் நின்றார். நெல்லை வீட்டுக்கு ஏற்றினோம். வேறு இடமில்லாததால் உங்கள் கட்டிலைச் சுற்றி மூட்டைகளை அடுக்கினேன். அதில் என் பக்கம் கொஞ்சம் வீம்பும் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

அன்றிலிருந்து நீங்கள் என்னிடம் பேசவில்லை. நம் பசு லட்சுமியிடம் பேசினீர்கள்.

"ஊடா இது, குடோனா? நீயே சொல்லு லட்சுமி." "ஏம்மா லட்சுமி, யாருனா சோறு போட்டா துன்னலாம்."

நானும் விடவில்லை. "லட்சுமி, சோறு போட்டாச்சி. ஆறிப்போவுதுன்னு சொல்லு." அந்தப் பசு நம் இரண்டு பேருக்கும் நடுவில் எவ்வளவு பாடுபட்டது!

முதல் வருஷம் எலி இரண்டு மூட்டையைக் காலிசெய்தது. அந்துப்பூச்சி பறந்தது. ஊரில் எல்லாரும் சொல்லிக்காட்டினார்கள். நீங்கள் மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒருநாள் மூட்டைகளின் இடுக்கில் பூச்சியை விரட்டுகிற நொச்சித் தழை பச்சையாகச் சொருகியிருந்தது. யார் வைத்தது என்று எல்லாரையும் கேட்டேன். யாரும் வாய் திறக்கவில்லை. லட்சுமியும்தான்.

ஒரு வருஷம் கழிந்து, எல்லார் வீட்டிலும் நெல் தீர்ந்து, மண்டியில் விலை ஏறியிருந்த நேரத்தில் என் முதல் பழைய அரிசி குவார்ட்டர்ஸுக்குப் போனது. பார்வதியக்கா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அந்த லைன், அடுத்த லைன் என்று பரவியது. தஞ்சாவூர்ப் பக்கத்து வீடுகளில் பொன்னி கேட்டார்கள். மண்ணூர்பேட்டையில் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் ஆட்களுக்குச் சோறு போடுகிற மெஸ்காரர்கள் வயிறு நிறைகிற குண்டு அரிசி கேட்டார்கள். அதற்குப் பிறகுதான் நான் தலைகீழாக மாறினேன். விளைந்ததை எங்கே விற்கலாம் என்று அலைவதை விட்டேன். யாருக்கு என்ன வேண்டும் என்று முதலில் கேட்டுக்கொண்டு வந்து, அதை விதைத்தேன். என் வியாபார ரகசியம் அவ்வளவுதான். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாம் வருஷம் மழை தப்பியது. மண்டியில் பழைய நெல்லே இல்லை. அதே மண்டிக்காரர் நம் வாசலுக்கு வந்தார், இந்தத் தடவை கேட்டு வாங்க. மூட்டையில் கைவிட்டு ஒரு நெல்லை வாய்க்குக் கொண்டுபோனார். கட்டிலில் படுத்திருந்த நீங்கள் எழுந்து உட்கார்ந்தீர்கள்.

"கடிக்காதய்யா. பல்லு பூடும்."

அவர் அசடு வழியச் சிரித்துக்கொண்டு, "வெல சொல்லுங்க பெரியவரே" என்றார்.

"எனுக்கு இன்னா தெரியும்? அதோ நிக்குது பாரு, அதுகிட்ட கேளு."

அன்று சாயங்காலம் "கொஞ்சம் மோர் குடும்மா" என்றீர்கள். லட்சுமியிடம் இல்லை. நான் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் அடுக்களையிலேயே நின்றேன் என்பது உங்களுக்குத் தெரியாது.

ஆனால் நான் செய்தது சரி என்று நீங்கள் கடைசிவரை சொல்லவில்லை. அதனால்தான் சேகர் சொன்னதைப் பொய் என்று என்னால் தள்ள முடியவில்லை. அவன் பொய் சொல்கிற பிள்ளை இல்லை. வேலை பார்த்த பட்டறை மூடிவிட்டது. சொந்தமாக ஒரு லேத் போட வேண்டும் என்று தவிக்கிறான். உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பான். நீங்களும் சொல்லியிருப்பீர்கள். முதலில் வந்த ஆள் கேட்ட விலைக்குத் தலையாட்டுகிற மனசுதானே உங்களுக்கு? அப்படித்தான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

நடந்திருந்தாலும் நான் கேட்கப்போவதில்லை மாமா. உயிரோடு எதிரில் இருந்தபோதே உங்கள் பேச்சைக் கேட்காதவள், இப்போது மட்டும் கேட்பேனா?

அன்று கூடத்தில் தரகரும் சும்மா இருக்கவில்லை. "ஏம்மா, இன்னும் நெல்லக் கட்டிக்கினு அழுவுற? நாலு வருசத்துல செம்பரம்பாக்கம் வரிக்கும் ஊடுதான். நீ மட்டும் நடுவுல நாத்து நட்டுக்கினு இருப்பியா?" என்றார்.

"வரட்டும்ண்ணா. அத்தினி ஊட்லயும் அடுப்பு எரியும்ல? நீங்க மனைய வித்துக்கினே முன்னாடி போங்க. நான் அரிசிய வித்துக்கினு பின்னாடியே வரேன்."

சேகருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அவனிடம் விஷயத்துக்கு வந்தேன். அவன் பாகத்தையும் நானே பயிர் செய்கிறேன். அரிசி விற்று வருகிறதில் அவன் பாதி அவனுக்கு. லேத்துக்கு முன்பணமாக, குடோனாகிப்போன இந்த வீட்டில் காய்ந்து கிடக்கிற போன வருஷ நெல்லிலிருந்து இப்போதே தருகிறேன். இது அண்ணி கொடுக்கிற தர்மம் இல்லை, கூட்டு வியாபாரம் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றான். ஒரு வாரமாக யோசிக்கிறான். மாட்டேன் என்று சொல்லவில்லை.

உங்கள் பெரிய மகன்தான் கடைசியில் வாய் திறந்தார். தரகரைப் பார்த்து, "இப்ப இன்னாத்துக்கு அவசரம்? சம்பா அறுப்பு முடியட்டும். தையில வாங்க, பாக்கலாம்" என்றார். தரகரும் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு, "அப்ப தையில வரேன்" என்று எழுந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல எனக்கென்ன பைத்தியமா?

ஏனென்றால், இந்தத் தையில் அறுக்கிற நெல் அதற்கடுத்த தைக்குத்தான் அரிசியாகும். அந்த அரிசிக்குப் பார்வதியக்காவில் தொடங்கி நாற்பது வீட்டுக்கு நான் வார்த்தை கொடுத்திருக்கிறேன். நேற்றுக் காலையில் பூங்கா வரைந்த அந்த மூலையில்தான் நாற்றங்கால் போட்டு விதை தெளித்தோம். சேகரும் வந்தான். கரையிலேயே நின்றுகொண்டிருந்தவன், தண்ணீர் உடைத்துக்கொண்டு போவதைப் பார்த்ததும் பேன்ட்டை மடித்துக்கொண்டு இறங்கி மடையை அடைத்தான்.

நான் உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன் மாமா. தையில் தரகர் வரும்போது சம்பா அறுத்த நிலத்தில் அடுத்த பட்டமான நவரைக்கு நாற்று நட்டிருக்கும். நவரை அறுத்த ஈரம் காய்வதற்குள் அடுத்த விதை விழும். ஒரு நெல் காய்வதற்குள் இன்னொரு நெல் முளைத்துவிடும். நான் இருக்கிறவரை உங்கள் நிலத்தில் கல் நடுவதற்கு ஒருநாள்கூட ஒழியாது.

சொன்ன பேச்சைக் கேட்காத,
உங்கள் மூத்த மருமகள்
மல்லிகா