சிவப்பு எச்சரிக்கையை அணைத்தவனுக்கு

ஆவடி, தொழிற்சாலைக் குடியிருப்பு
03.11.2025

கோகுல்நாத்துக்கு,

இங்கு உன் அம்மாவும் கவிப்பிரியாவும் நானும் உடலளவில் நலம். டொரான்டோவில் நீயும் அவ்வாறே இருப்பாய் என்று கொள்கிறேன். நலமிழந்தது நம் வீட்டுக் கணினியின் ஹார்டு டிஸ்க் ஒன்றுதான். ஆகவே கையால் எழுதி, கைபேசியில் படமெடுத்து அனுப்புகிறேன். நடந்தவற்றைத் தேதிவாரியாகப் படி.

1. 12.01.2025: விடுமுறையில் வந்த நீ, டிஸ்கின் உடல்நிலையைக் கவனிக்கும் மென்பொருள் ஒன்றை நிறுவி, "இனிமே இது பாத்துக்கும்ப்பா" என்றாய். அதை நம்பி உன் தங்கை கவிப்பிரியா, மடிக்கணினியில் இடமில்லாமல் திணறிய தன் ஆய்வு முழுவதையும் அன்றே அந்த டிஸ்குக்கு மாற்றினாள்.

2. 19.07.2025: உடல்நிலை 61 சதவீதம் என்று காலைதோறும் திரையில் ஒரு சிவப்புக் கட்டம். உன்னிடம் சொன்னேன். அங்கிருந்தபடியே நம் கணினிக்குள் நுழைந்து, டிஸ்கை விட்டுவிட்டு எச்சரிக்கையை மட்டும் நிறுத்தினாய்.

3. 01.10.2025: ஆயுத பூஜையில் கணினிக்குச் சந்தனம் வைத்த உன் அம்மா, "கடகடன்னு சத்தம் வருதுடா" என்று உனக்குப் போன் செய்தாள். "பழசும்மா, அப்படித்தான் இருக்கும்" என்றாய்.

4. 30.10.2025: நின்றுவிட்டது.

மார்க்கெட்டில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் செல்வகுமாரிடம் உன் அம்மாவும் நானும் கொண்டுபோனோம். காதருகே வைத்துக் கேட்டவர், "இன்னா சார், உள்ள படிக்கிற தலை சுத்துற தட்டுல உரசிகினு கீது, இனிமே இதுலருந்து ஒண்ணும் எட்க்க முடியாது, மூணு மாசமா சொல்லிகினே இருந்திருக்குமே, ஊட்ல யாரும் பாக்கலியா?" என்றார். பையன் கனடாவில் இதே துறையில்தான் இருக்கிறான் என்று உன் அம்மா பழக்கதோஷத்தில் பெருமையாகச் சொன்னாள். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அப்ப அவர்கிட்டயே குட்த்திருக்கலாமே அம்மா" என்றார். ஊராரின் பத்தாயிரம் டிஸ்குகளுக்குக் காவல் இருந்து சம்பளம் வாங்குகிறவனின் தகப்பன், செத்த டிஸ்கைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினேன்.

இருபத்தெட்டு ஆண்டுகளாகத் தரப் பரிசோதனையில் இருக்கிறேன். எங்கள் பட்டறையில் கடைசல் இயந்திரத்தின் சிவப்பு விளக்கு எரிந்தால் இயந்திரத்தை நிறுத்தி, 'பழுது' என்று அட்டை கட்டுவோம். பல்பைக் கழற்றியவன் எவனும் இதுவரை இல்லை. எட்டாம் வகுப்போடு நின்றவர்களுக்கும் விளங்கிய இது, உன் இரண்டு பட்டங்களுக்கும் விளங்கவில்லை. தினமும் அந்தக் கட்டம் வருகிறது, தொந்தரவாக இருக்கிறது என்று முறையிட்டவன் நான்தான், மறுக்கவில்லை. காய்ச்சல்காரன் புலம்பினான் என்பதற்காக எந்த மருத்துவராவது வெப்பமானியை உடைப்பாரா?

செம்பரம்பாக்கம் ஏரியில் மூன்று ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் புட்டி புட்டியாகத் தண்ணீர் எடுத்துக் கவிப்பிரியா சோதித்த அளவீடுகள் அந்த டிஸ்கில் இருந்தன. நவம்பர் 28ஆம் தேதி அவள் ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டும். எழுதிய அத்தியாயங்கள் வழிகாட்டியிடம் அச்சில் இருக்கின்றன. அவற்றுக்கு ஆதாரமான எண்கள் எங்கும் இல்லை. அவள் அழவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வருகிறாள், சாப்பிடுகிறாள், போகிறாள். உன்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதனால் அந்தப் பொறுப்பு என்னுடையதாயிற்று.

ஜனவரியில் கிளம்பும் முன், நம் கணினி முழுவதையும் உள்ளங்கை அளவுள்ள ஒரு டிஸ்கில் நகலெடுத்து உன் பயணப் பெட்டியில் வைத்தாய், நான் பார்த்தேன். தண்ணீர் எடுக்கும் வேலை அதற்கு முந்தைய மாதமே முடிந்திருந்தது. எனவே எல்லா எண்களும் அதில் இருந்தாக வேண்டும், சினிமா ஏற்றுவதற்காக நீ அதைத் துடைக்காதிருந்தால். நகல் இருக்கிறதா, இல்லையா என்பதே என் ஒரே கேள்வி. இருந்தால், திறந்து பார்ப்பதற்கு முன் இன்னொரு நகல் எடு. செல்வகுமார் சொன்ன அறிவுரை இது. உனக்கு நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

தெருமுனைக் கோயிலில் உன் பெயருக்கு அர்ச்சனை செய்து அம்மா ஆசி அனுப்பியிருக்கிறாள். அங்கே குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொள்ளச் சொன்னாள். என் ஆசியும் உண்டு. மன்னிப்பு வேறு விஷயம்.

நவம்பர் 10, இந்திய நேரம் மாலை ஆறு மணிக்குள் எழுத்தில் பதில் வேண்டும். கட்டைவிரல் படமோ, அம்மாவுக்குப் போனோ பதிலாகாது. துடைத்துவிட்டிருந்தால் அதையும் உன் கைப்பட எழுது. உனக்காக நான் அதை உன் தங்கையிடம் சொல்லப் போவதில்லை. உன் கடிதத்தை அப்படியே அவள் கையில் கொடுப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
இராமகிருஷ்ணன்