வாஞ்சூரில் கழட்டிய தலைக்கவசம்

இன்று காலை உங்கள் ஹெல்மெட்டை எடுத்து என் தலையில் மாட்டிக்கொண்டேன். நீங்கள் தேய்க்கும் தேங்காய் எண்ணெயும் பழைய வியர்வையும் கலந்த வாசனை உள்ளே அப்படியே இருந்தது. பக்கத்து வீட்டில் சொன்னால் நான் உட்கார்ந்து அழுதிருப்பேன் என்று நினைப்பார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஹெல்மெட்டின் வெளிப்புறம் ஒரு கீறல் இல்லாமல் பளபளவென்று இருக்கிறது. அதற்குள் இருக்க வேண்டிய தலையைத்தான் சுடுகாட்டில் வைத்துவிட்டு வந்தோம்.

கோவில்பத்தில் எல்லோருக்கும் நீங்கள் மிலிட்டரிக்காரர். காலாட்படையில் சிப்பாயாகச் சேர்ந்து ஹவில்தாராக வெளியே வந்தவர். வந்த பிறகு மற்றவர்கள் வயலைப் பற்றியும் கட்சியைப் பற்றியும் பேசுவார்கள். நீங்கள் கவசத்தைப் பற்றிப் பேசுவீர்கள். சுரக்குடியில் நெல்லும் உளுந்தும் பார்த்து வளர்ந்தவள் நான். எந்தக் காலத்தில் எந்த ஊர்ச் சிப்பாய் நெஞ்சில் எதைக் கட்டிக்கொண்டான் என்று எனக்கு எதற்குத் தெரிய வேண்டும்? ஆனாலும் தெரியும். சோற்றைப் போட்டுவிட்டு உட்கார்ந்தால் காதில் விழாமலா இருக்கும்.

என் தோசைக்கல்லை எடுத்து நெஞ்சில் பிடித்துக்கொள்வீர்கள். அது ராஜாவின் தளபதி. அடுத்து என் பழைய தலையணையைக் கட்டிக்கொள்வீர்கள். அது நடந்து போகிற சிப்பாய். "குதிரைல வந்தவனுக்கு இரும்பு, நடந்து வந்தவனுக்குப் பஞ்சு. எந்த தேசமா இருந்தாலும் இதான் புள்ள" என்பீர்கள். துணிக்குள் பஞ்சைத் திணித்து, நெருக்கமாகத் தையல் போட்டு, அதைத்தான் காலாள் மாட்டிக்கொண்டு போனானாம். அம்பு பஞ்சில் சிக்கிக்கொள்ளும். மழை பெய்தால் அதுவே ஊறிப்போய் ஆளைக் கீழே இழுக்கும். நல்ல இரும்புத் தகடு வேண்டுமென்றால் சண்டை முடிந்து செத்தவன் உடம்பிலிருந்து உருவிக்கொள்ள வேண்டும். அதுவும் அளவு சேராது. இதைச் சொல்லும்போது உங்கள் குரலில் அந்தச் சிப்பாய்க்காக ஒரு பரிவு வரும். என் தலையணையிலிருந்து பஞ்சு உதிர்வது மட்டும் உங்கள் கண்ணில் பட்டதே இல்லை.

பிறகு துப்பாக்கி வந்ததாம். குண்டைத் தடுக்க இரும்பைத் தடிமனாக்கிக்கொண்டே போனார்கள். நடக்கிறவனால் சுமக்க முடியவில்லை. முதலில் கால் தகட்டை வழியில் போட்டான், அப்புறம் கைத் தகட்டை, கடைசியில் எல்லாவற்றையும். அதற்குப் பிறகு பல தலைமுறைக்குக் காலாளுக்கு வெறும் துணிச் சட்டையும் பித்தளைப் பொத்தானும்தான். முதல் உலகப் போரில் மேலேயிருந்து குண்டுச் சிதறல் விழுந்து தலைகள் பிளந்தபோது, பிரெஞ்சுக்காரர்கள் தொப்பிக்கு அடியில் வைத்துக்கொள்ள ஒரு இரும்புக் கிண்ணம் கொடுத்தார்களாம். தலையை அழுத்துகிறது என்று சிப்பாய்கள் அதை எடுத்து அதில் சாப்பிட்டார்களாம். இந்த இடத்துக்கு வந்தால் உங்களால் சிரிப்பை அடக்க முடியாது. "தலைக்குக் குடுத்தா அதுல சூப்பு குடிச்சிருக்கானுங்க, மூதேவிங்க." யாரைப் பார்த்துச் சிரித்தீர்கள் என்று இப்போது கேட்க வேண்டும்போல் இருக்கிறது.

ஒரே ஒரு கதையை மட்டும் சிரிக்காமல் சொன்னீர்கள். காஷ்மீரில் உங்களோடு ஒரே தட்டில் சாப்பிட்ட பீகார்க்காரர் கதை. உங்களுக்கெல்லாம் நெஞ்சிலும் முதுகிலும் தகடு வைத்த சட்டை, தலையைச் சுற்றிக் கட்ட இரும்புப் பட்டை. பட்கா என்பீர்கள் அதை. நல்ல உச்சி வெயிலில், வேர்க்குரு அரிக்கிறது என்று அந்த மனிதர் சட்டையின் பட்டியை அவிழ்த்துவிட்டுச் சொறிந்துகொண்டார். திரும்ப மாட்டுவதற்குள் எங்கிருந்தோ சுட்டுவிட்டார்கள். நீங்கள் பக்கத்தில் இருந்தீர்கள். "சுட்டவன் கொன்னான்னு சொல்றாங்க. வெயில்தான் கொன்னுச்சு. வெயில்தான் கழட்ட வைக்குது" என்று சொல்லிவிட்டு, மீதிச் சோற்றைத் தொடாமல் எழுந்துபோய்க் கை கழுவினீர்கள். அன்றைக்கு எனக்கு உங்கள் மேல் பிரியம் பொங்கியது. இந்தக் கவசப் பைத்தியம் எங்கிருந்து வந்தது என்று புரிந்துகொண்டதாகவும், இந்த மனுஷன் ஒருநாளும் கழட்ட மாட்டார் என்றும் நினைத்தேன். ஏமாந்துபோனேன்.

நம் ஊர் வழக்கம் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. நம்முடையது யூனியன் பிரதேசத்தின் ஒரு சின்னத் துண்டு, எந்தப் பக்கம் போனாலும் கொஞ்ச நேரத்தில் தமிழ்நாடு வந்துவிடும். சட்டம் இரண்டு பக்கமும் ஒன்றுதான். ஆனால் அந்தப் பக்கம் பிடிப்பார்கள், இந்தப் பக்கம் கண்டும் காணாமல் விடுவார்கள் என்று நம்மவர்களுக்கு ஒரு நம்பிக்கை. நாகப்பட்டினம் போகிறவர்கள் வாஞ்சூர் எல்லை வரை ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு போவார்கள். எல்லையில் தலைக்கு ஏறும். திரும்பி வரும்போது அதே இடத்தில் இறங்கிவிடும். கோயில் வாசலில் செருப்பை விடுவதுபோல அத்தனை பேரும் வரிசையாக வண்டியை நிறுத்திக் கழட்டுவார்கள். தலை எலும்பு எல்லை பார்த்து உறுதியாகும் என்று நினைப்புபோல.

இந்த ஹெல்மெட்டை நீங்கள் வாங்கிய அன்று நான் கூட இருந்தேன். கடைக்காரரை ஒருவழி செய்துவிட்டீர்கள். ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, உள்பஞ்சை அழுத்திப் பார்த்து, "மேல ஓடு இல்ல தம்பி, உள்ள இருக்குற பஞ்சுதான் அடிய வாங்கும், அந்தக் காலத்துலேர்ந்து அதான்" என்று அவருக்கே பாடம் நடத்தினீர்கள். அப்படி வாங்கியதை நீங்களும் வாஞ்சூரில்தான் மாட்டினீர்கள், வாஞ்சூரில்தான் கழட்டினீர்கள். கேட்டால், "இங்கேர்ந்து வீடு எவ்ளோ தூரம்" என்பீர்கள்.

அன்று நாகப்பட்டினத்தில் பழைய மிலிட்டரி சிநேகிதரைப் பார்த்துவிட்டு, வழியில் நாகூரில் நாட்டுக்கோழி முட்டை வாங்கியிருக்கிறீர்கள். வாஞ்சூர் தாண்டியதும் ஹெல்மெட்டைக் கழட்டி, முட்டை உடையக் கூடாதென்று அதற்குள் பொட்டலத்தை வைத்து, முன்னால் கொக்கியில் மாட்டியிருக்கிறீர்கள். போலகம் பக்கத்தில் குறுக்கே ஓடிய ஆட்டுக்கு பிரேக் போட்டீர்கள். வண்டி ஓரத்து மணலில் மெதுவாகச் சாய்ந்தது. நீங்கள் தார் ரோட்டில் விழுந்தீர்கள். குடித்துவிட்டு விழுந்திருந்தால்கூட ஊர் ஒரு காரணம் சொல்லியிருக்கும். அந்தப் பழக்கமும் உங்களுக்கு இல்லை.

அங்கே பெட்டிக்கடை வைத்திருப்பவர் ஹெல்மெட்டைப் பத்திரமாகக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். நல்ல மனிதர். "அக்கா, உள்ள முட்டை இருக்கு, பாத்து" என்றார். ஒன்றுகூட உடையவில்லை. பொட்டலத்தோடு வாய்க்காலில் எறிந்தேன். இன்றுவரை நம் வீட்டில் முட்டை வாங்குவதில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் விதி, விதி என்றார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் வாசலில் வண்டியை நிறுத்தி, கண்ணாடியில் ஹெல்மெட்டைத் தொங்கவிட்டுவிட்டு உள்ளே வந்து சொன்னார்கள். அந்த பீகார்க்காரருக்கு வெயில் என்று ஒரு சாக்கு இருந்தது, அவர் கழட்டியது ஒரே ஒரு தடவை. நீங்கள் நன்றாகத் தெரிந்துகொண்டு, ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு, போகிற ஒவ்வொரு முறையும் கழட்டினீர்கள். உங்களை நான் மன்னிக்கவில்லை. செத்துப்போனவரை மன்னித்துவிட வேண்டும் என்று யார் சொன்னாலும் எனக்கு அது பிடிபடவில்லை.

இந்த மடல் அதற்காக மட்டும் இல்லை. நம் கயல்விழிக்கு நாகப்பட்டினத்தில் வேலை கிடைத்திருக்கிறது. தினமும் ஸ்கூட்டியில் வாஞ்சூர் வழியாகப் போய் வருகிறாள். போன வாரம் ஒருநாள் சாயங்காலம் வீட்டு வாசலில் வந்து இறங்கினாள். ஹெல்மெட் முன்னால் தொங்கியது. அதற்குள் அவளுடைய டிபன் பாக்ஸ்.

"ஏண்டி கழட்டுன?"

"வேகுதும்மா. வாஞ்சூர் தாண்டிட்டா யாரு கேக்குறா? அப்பாவும்தான்..." என்று சொல்ல வந்து நிறுத்திக்கொண்டாள்.

கத்தினேன், சாப்பிடாமல் படுத்தேன். ஒன்றும் எடுபடவில்லை. மறுநாளும் அப்படியேதான் வந்து நின்றாள். உங்கள் கதைகளையெல்லாம் கேட்டு வளர்ந்தவள். கதை அவளிடம் தங்கவில்லை, பழக்கம் தங்கிவிட்டது.

அதனால்தான் இன்று கண் ஆஸ்பத்திரி என்று சாக்குச் சொல்லி, உங்கள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அவள் பின்னால் ஏறினேன். புடவையும் அந்தப் பெரிய ஹெல்மெட்டுமாக என்னைப் பார்த்துத் தெருவே சிரித்தது. ஆஸ்பத்திரி முடிந்து திரும்பும்போது நல்ல வெயில். வாஞ்சூர் தாண்டியதும் எல்லா வண்டியும் ஓரம் கட்டியது. அவளும் கட்டினாள். கை தாடைப் பட்டையின் கொக்கிக்குப் போனது.

"நீயும் கழட்டும்மா, வெந்துடும்."

"வேகட்டும்."

"எல்லாரும் பாக்குறாங்கம்மா."

"பாக்கட்டும். நீ கழட்டு. நான் போய் நாட்டுக்கோழி முட்டை வாங்கிட்டு வரேன், அதுல வச்சு எடுத்துட்டுப் போவோம்."

அவள் கண்ணாடி வழியாக என் முகத்தைப் பார்த்தாள். கண் நிறைந்தது. அவிழ்த்த கொக்கியைத் திரும்ப மாட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள். நான் சொன்னது கொடுமைதான். வேறு எதுவும் அவளுக்குள் போகவில்லை. போலகத்தில் அந்த இடம் வந்தபோது இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டு வாசலில் எனக்குக் கொக்கியை அவிழ்க்கத் தெரியவில்லை, அவள்தான் அவிழ்த்துவிட்டாள். கழுத்து வலிக்கிறது, தலை சொதசொதவென்று நனைந்திருக்கிறது. முகர்ந்து பார்த்தேன். உங்கள் எண்ணெய் வாசனை போய்விட்டது. உள்ளே என் வியர்வைதான் நாறுகிறது. ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன். நாளைக்கும் அவளோடு வாஞ்சூர் வரை போக வேண்டும்.