பி மைனர் வரும் இடம்

வியாழக்கிழமை

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் மெர்சி பாடப்போகிறாள். தொண்டையில் கட்டி எடுத்த பிறகு இதுதான் முதல் தடவை. கல்யாணமானதிலிருந்து அவள் பாடுவாள், நான் கிடார் வாசிப்பேன்.

கிடாரில் எனக்குத் தெரிந்தது ஜி, சி, டி என்று மூன்று கார்டு, அதாவது மூன்று விரல் பிடிகள்தான். கம்பெனி ஷிப்டுக்கு நடுவில் இது போதும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். ஞாயிற்றுக்கிழமைப் பாட்டில் ஓரிடத்தில் பி மைனர் என்ற வேறொரு கார்டு வரும். அங்கேயும் ஜியையே அடித்து ஒப்பேற்றிவிடுவேன். முன்பெல்லாம் மெர்சியின் குரல் அதை மூடிவிடும்.

இன்று சிப்காட்டிலிருந்து வந்ததும் பாடிப் பார்த்தோம். அந்த இடத்தில் நிறுத்திவிட்டாள்.

“இன்னாங்க, இங்க வேற மாதிரி வரணும் இல்ல? உங்க கிடாரப் புடிச்சிகினுதான் இப்ப பாடுறேன். அது தப்பா போனா நானும் கூடவே போயிடுறேன்.”

பி மைனரை முயன்றேன். ஆள்காட்டி விரலைக் குறுக்கே படுக்கவைத்துக் கம்பிகளை அழுத்த வேண்டும். கர்ரென்று இரைந்ததே தவிர ஸ்வரம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் வருமா? சபை நடுவில் இப்படி இரைந்தால் அவள் பாட்டையே விட்டுவிடுவாள். வேறு பாட்டு பாடலாம் என்றேன். கேட்கவில்லை.

“அந்த எடத்துல வாசிக்காதீங்க. கைய எடுத்துடுங்க. நான் தனியா பாடிக்கிறேன்.”

கையை எடுத்தேன். குரல் நடுங்கியது. உடைந்துவிடும் என்று நினைத்தேன், உடையவில்லை. அந்த வரியை முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். அடுத்த கார்டை அடிக்க நான்தான் மறந்துபோயிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமையும் இப்படியே உட்கார்ந்துவிட்டால் என்ன செய்வது.