உட்காரச் சொல்ல மறந்தேன்

மசிண்டேயின் அப்பாவுக்கு,

நலம்தானே? முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கிறீர்களா? எனக்கு ஒரு குறையுமில்லை, லோட்வார் வெயில்தான் அடங்க மாட்டேன் என்கிறது.

கோபப்படாதீர்கள். சோலார் விளக்குக் கடை வேலைக்கான நேர்காணலுக்குப் போனேன். பதினெட்டு வருஷமாக வகுப்பே எழுந்து நின்று வணக்கம் சொல்வது எனக்கு அலுத்துவிட்டது. என்னைக் கண்டு யாரும் எழாத இடத்தில் வேலை பார்க்க ஆசை. உள்ளே போனால் மேலாளர் என் பழைய மாணவன் எகாய்! விருட்டென்று எழுந்தான். பெஞ்சில் காத்திருந்த வாடிக்கையாளர்களும் எழுந்துவிட்டார்கள்.

"ஏன்டா நிக்கிற? கேள்வியைக் கேளு."

"நீங்க இன்னும் உட்காரச் சொல்லலையே, டீச்சர்."

எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை. திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறான். போவேனா, தெரியவில்லை. பள்ளியிலும் கால் தரிக்கவில்லை.

கேழ்வரகு மாவும் காய்ந்த கீரையும் அனுப்புங்கள். உங்கள் பழைய சட்டை ஒன்றும் வையுங்கள், மேசை துடைக்கத்தான்.

கடிதம் வாங்கிப்போகும் பஸ்காரர் ஹாரன் அடிக்கிறார். விடுமுறைக்கு நான் வரும்போது நீங்கள் எழுந்திருக்காதீர்கள். கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுங்கள், போதும்.

நலியாகா