அசல் பார்க்கப்பட்டது

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை, ஆனாலும் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. யார் பக்கமும் சேராமல் செய்தித்தாளுக்குப் பின்னால் குடியேறிவிட்டார். உன் மாமா வீட்டு அத்தை மட்டும் ஒருநாள் போன் செய்து, கூடப் பொறந்தவளே குழி பறிச்சுட்டாளே என்று அழுதுவிட்டு வைத்துவிட்டாள். நீ இதுவரை கேட்டதெல்லாம் உன் மாமா சொன்ன கதை. என் கதையைப் போனில் சொன்னால் பாதியில் குறுக்கே பேசுவாய், கடிதமென்றால் முழுதாகப் படித்துத்தான் ஆக வேண்டும்.

சலவை நிலையத்தில் ஆள் எடுக்கும் பொறுப்பு பதினாறு வருடமாக என்னுடையது. ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்பு மூட்டை மூட்டையாக வரும், வேலை கூடும்போது ஏஜென்சிகளிடம் ஆள் கேட்போம். ஆள் அனுப்பும் ஏஜென்சிக்கு அரசாங்க லைசென்ஸ் இருக்க வேண்டும், அதன் தேதி முடிந்திருக்கக் கூடாது, அதில் எழுதியிருக்கும் வேலைக்கு மட்டும்தான் ஆள் அனுப்பலாம். அந்த லைசென்ஸின் அசலைக் கையில் வாங்கிப் பார்த்து, ரிஜிஸ்டரில் ‘அசல் பார்க்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியவள் நான். நகலைக் கொண்டுவந்தவர்களை வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஏஜென்ட்டுகள் எனக்குப் ‘பூதக்கண்ணாடி’ என்று பெயர் வைத்திருந்தார்கள், எனக்கும் உள்ளூரப் பெருமைதான். அந்தப் பூதக்கண்ணாடி தன் தம்பி ஏஜென்ட்டாக வந்தபோது கண்ணை மூடிக்கொண்டாள். கூடப் பிறந்தவனிடம் காகிதம் கேட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான் என்று நானாக நினைத்துக்கொண்டு, பார்க்காததைப் பார்த்ததாக எழுதினேன். வருடத்துக்கு ஒருமுறை என்று நான்கு வருடம் எழுதினேன். அவன் லைசென்ஸ் முடிந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. முடிவதற்கு முன்பும் அது கூட்டித் துடைக்கும் வேலைக்கு மட்டும்தான்.

அவன் அனுப்பிய பெண்ணை எல்லோரும் நெட்டை என்று கூப்பிடுவார்கள். துடைப்பத்தோடு நின்றவளை, ஆள் குறைந்த அன்று மேனேஜர் இஸ்திரி ரோலர் பக்கம் நிறுத்திவிட்டார். சூடான உருளைக்குள் விரிப்பை விரித்துக் கொடுக்கும் வேலை. மூலையில் விழுந்த மடிப்பை நீவப் போனவளின் வலது கை துணியோடு உள்ளே போய்விட்டது. பக்கத்தில் நின்றவள் சிவப்புப் பொத்தானை அழுத்துவதற்குள் மணிக்கட்டைத் தாண்டிவிட்டது. நாங்கள் எந்த ஆஸ்பத்திரியின் விரிப்பை வெளுக்கிறோமோ அங்கேயேதான் படுத்திருக்கிறாள்.

மறுநாளே உன் மாமா ஏஜென்சியின் பெயர்ப் பலகையைக் கழற்றி ஷட்டரை இறக்கிவிட்டான். அன்று சாயங்காலம் தேதியும் வேலையும் திருத்திய நகல் ஒன்றோடு வந்து, அக்கா, இதோட அசலைப் பார்த்தேன்னு மட்டும் சொல்லு, உன் கையெழுத்துதான் ஏற்கெனவே இருக்கே என்றான். மேனேஜரும் அதையேதான் கொஞ்சம் இனிப்புத் தடவிச் சொன்னார். ஏனென்று உனக்குப் புரிய வேண்டும். லைசென்ஸ் சரியென்றால் அவள் ஏஜென்சியின் ஆள், அந்த ஏஜென்சியோ இப்போது இல்லை. லைசென்ஸ் இல்லாதவனிடம் ஆள் வாங்கினால் சட்டப்படி அவள் எங்கள் நிறுவனத்தின் ஆள், வைத்தியத்துக்கும் பிழைப்புக்கும் நாங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். என் ஒரு வாய்ச்சொல்லில் அவள் யாருக்கும் வேண்டாதவளாகிவிடுவாள். அவள் கை உள்ளே போனது தெரிந்த பிறகும்தானே நீ போனில், ரிஜிஸ்டர்ல இருக்கிறது இருந்துட்டுப் போகட்டும்மா, மாமா பாவம் என்றாய். மாமாதான் உனக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தான், பள்ளிக்கூட வாசலில் மழையில் நின்றான், எல்லாம் எனக்கும் நினைவிருக்கிறது. இருந்தும் உன் பேச்சு எனக்குக் கசந்தது. இவனை இப்படியா வளர்த்தேன் என்று நினைத்தேன், பிறகு ரிஜிஸ்டர் நினைவுக்கு வந்தது, இப்படித்தான் வளர்த்திருப்பேன் போலிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை தொழிலாளர் துறையில் விசாரணை. அதிகாரி ரிஜிஸ்டரை என் பக்கம் திருப்பி, இது உங்க கையெழுத்தா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அசலைப் பார்த்தீங்களா என்றார். ஒரு வருஷமும் பார்க்கலை, பொய்யா எழுதினேன் என்றேன். ஏன் என்றார். என் தம்பி என்றேன். அவர் அதையும் எழுதிக்கொண்டார். மேனேஜர் என்னைப் பார்க்கவே இல்லை. அடுத்த வாரத்திலிருந்து எனக்குச் சலவை நிலையத்தில் வேலை இல்லை, அது நியாயம்தான். வெளியே வந்து படிக்கட்டில் நின்றபோது உன் மாமா பக்கத்தில் வந்தான். திட்டுவான் என்று நினைத்தேன். நீ ஒரு தடவை கேட்டிருந்தா புதுப்பிச்சிருப்பேன்க்கா, நீதான் கேட்கவே இல்லையே என்றான். தப்பித்துக்கொள்ளத்தான் அப்படிச் சொன்னான். ஆனால் அது உண்மையாகவும் இருக்கலாம் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நீ பொறுப்பாக இருக்கும் கிடங்குக்கு உன் நண்பன் ஒருவன் ஆள் அனுப்புகிறான் என்று போன மாதம் சொன்னாய். அவனுடைய லைசென்ஸை நாளைக்கே கேள். அசலைக் கேள், தேதியைப் பார், எந்த வேலைக்கு என்று படி. கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். நீயே படி, வேறு யார் பார்த்ததாகச் சொன்னாலும், நானே சொன்னாலும் நம்பாதே.

உடம்பைப் பார்த்துக்கொள். குறைவில்லாமல், யாருக்கும் தலைகுனியாமல் இருக்க அம்மாவின் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. மாமா போன் செய்தால் எடுத்துப் பேசு, அவனை வெறுக்கச் சொல்லி இதை எழுதவில்லை. ஒன்றே ஒன்று. இது நடந்த பிறகு என்னிடம் மூன்று முறை பேசிவிட்டாய். மாமாவுக்கு என்ன ஆகும், அம்மா வேலை என்ன ஆகும் என்றெல்லாம் கேட்டாய். அந்தப் பெண்ணின் கை எப்படி இருக்கிறது என்று நீ இன்னும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா