ஆறு வாட்

நவம்பர் 4, செவ்வாய்

இவள் இன்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "ஹால்ல ஒண்ணு அந்தப் பெட்டி இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

கல்யாணமாகி ஏழு மாதம்தான் ஆகிறது. அதற்குள் இப்படி ஒரு கேள்வி! அவள் சொல்வதும் நியாயம்தான். இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தபோது நான் கொண்டுவந்த ஒரே சீதனம் அந்தப் பழைய கம்ப்யூட்டர். டிவியோடு இணைத்துப் படம் போட்டால், கொஞ்ச நேரத்தில் உள்ளே இருக்கும் விசிறிகள் சூடு தாங்காமல் அலற ஆரம்பித்துவிடும். காதலன் என்ன சொன்னான் என்பது காதலிக்குக் கேட்கும், நமக்குக் கேட்காது.

ஆக, புதுப் பெட்டி! சாப்பாட்டு டப்பா அளவில், சத்தமே போடாமல், டிவிக்குக் கீழே ஒடுங்கி உட்காருகிற மாதிரி ஒன்று. நானே பார்த்துப் பார்த்துச் செய்யப்போகிறேன். இப்போதே கை பரபரக்கிறது.

நவம்பர் 6, வியாழன்

பல் செட் செய்யும் லேபில் வேலை பார்ப்பவனுக்கு ஆலோசகர்களுக்கா பஞ்சம்? பக்கத்து மேஜையில் மெழுகுப் பல் செதுக்குகிறவர் இன்று பல்லையே மறந்துவிட்டார். "வாங்குறதுதான் வாங்குறீங்க, பெரிசா வாங்குங்க. அறுபத்தஞ்சு வாட் பிராசசர். எதைப் போட்டாலும் பறக்கும்!"

பறந்து எங்கே போகப்போகிறேன்? எனக்கு வேண்டியது சனிக்கிழமை சாயங்காலம் ஒரு படம். அது குடிக்கிற கரண்ட் முழுக்கச் சூடாகத்தான் வெளியே வரும். அந்தச் சூட்டை ஆற்ற விசிறி வேண்டும். விசிறி வந்தால் பழைய குருடி கதவைத் திறடி. என் பெட்டியின் உயரமே நாலு விரல்கடை. அதற்குள் யானையைக் கட்டித் தீனி போட முடியுமா?

நவம்பர் 8, சனி

படம் பார்த்தோம். பார்த்தோம் என்றால், நானும் இவளும் சோபாவில். மகள் வழக்கம்போல மூலையில்.

மகள் — இவளுடைய மகள், பன்னிரண்டு வயது. என் மகளும்தான். அதை அவள்தான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. என்னை எப்படியும் கூப்பிடுவதில்லை. அவசரமென்றால் "ஹலோ". வீட்டுக்குள்ளேயே ராங் நம்பர் ஆகிவிட்டேன்.

சோபாவில் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். அவளோ தலையணையைத் தூக்கிக்கொண்டு போய், அலறுகிற பெட்டியின் பின்பக்கத்தில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்காருகிறாள். என் குரல் காதில் விழாமலிருக்க வீட்டில் அதைவிட நல்ல இடம் கிடையாது. அதுக்காகத்தானா? கேட்கத் தைரியம் வரவில்லை.

சத்தம் ஒழிந்தால் அந்த மூலையில் அவளுக்கு என்ன வேலை? சோபாவுக்கு வந்துதானே ஆகவேண்டும்! எனக்கு வேண்டியது அதுதான். பிராசசர் எல்லாம் ஒரு சாக்கு.

நவம்பர் 11, செவ்வாய்

கடைக்குப் போனேன். பத்து வாட் குடிக்கிற பழைய மாடல் ஒன்று சல்லிசாக இருந்தது. குதித்துக்கொண்டு பென் டிரைவைச் சொருகி, புதுப் படம் ஒன்றைப் போட்டேன். ஓடிவந்த கதாநாயகன் விட்டு விட்டு நொண்டினான்.

கடைக்காரர் சிரித்தார். "கம்மியா குடிச்சா மட்டும் போதுமா சார்? இப்ப வர்ற படமெல்லாம் இறுக்கி மூட்டை கட்டின மாதிரி வருது. அதைப் பிரிக்கவே சிப்புக்குள்ள தனியா ஒரு ஆள் வேணும். இதுல அந்த ஆள் இல்ல. எல்லா வேலையும் தானே செய்யுது, மூச்சு வாங்குது."

ஆகா! குறைவாகக் குடிக்கணும், மூட்டையும் பிரிக்கணும். இப்போதுதான் எதைத் தேடுகிறேன் என்றே தெரிகிறது.

நவம்பர் 12, புதன்

கிடைத்துவிட்டது. ஆறு வாட்! ஆறே ஆறு!

நவம்பர் 13, வியாழன்

நேற்று எழுதக்கூட நிதானமில்லை. சிப்புக்குள் மூட்டை பிரிக்கும் ஆள் இருக்கிறார். நொண்டிய அதே கதாநாயகன் இதில் சிட்டாய்ப் பறந்தான். விசிறி கிடையாது, சூட்டை இழுத்துக்கொள்ளத் தலையில் ஒரு அலுமினியக் கட்டி மட்டும். ஆறு என்றால் எண்ணும் ஆறு, சூடு ஆறுவதும் ஆறு — நம் மொழியே இந்த சிப்பைச் சிபாரிசு செய்கிறது!

ஒரே ஒரு யோசனை. போர்டோடு ஒட்டியே வருகிறது, பின்னால் மாற்ற முடியாது. கட்டிக்கொண்டால் கட்டிக்கொண்டதுதான். அதற்கென்ன, எனக்குப் பழக்கம்தானே?

சாப்பிடும்போது இதையெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னேன். மகள் அம்மா பக்கம் திரும்பினாள். "வாட்டு வாட்டுன்னு நம்மள வாட்டுறாரும்மா உன் வாட்டு."

காதில் விழாத மாதிரி தண்ணீர் குடித்தேன். வாட்டு! எனக்கு ஒரு பேர் கிடைத்துவிட்டது! கிண்டலாகவே இருக்கட்டும். "ஹலோ"வை விட ஆயிரம் மடங்கு மேல்.

நவம்பர் 14, வெள்ளி

பூட்டியாயிற்று. பல் லேப் இடுக்கி இருந்ததால் குட்டி ஸ்க்ரூவெல்லாம் சொன்ன பேச்சைக் கேட்டன. ஒரு முழுப் படம் ஓடிய பிறகும் மேலே கை வைத்தால் வைத்தபடியே இருக்கலாம். காதை ஒட்டிவைத்தும் கேட்டேன். ஒன்றுமில்லை! சமையலறையில் குழாய் சொட்டுவது கேட்டது.

பழைய பெட்டி பரணுக்குப் போய்விட்டது. நாளைக்கு சனிக்கிழமை.

நவம்பர் 15, சனி

அவள் தலையணையோடு வந்தாள். காலி மூலையைப் பார்த்தாள். அப்படியே ரூமுக்குத் திரும்பிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வசனம் மணிமணியாகக் கேட்டது. யாருக்கு வேணும்?

நவம்பர் 16, ஞாயிறு

இவளிடம் கேட்டே விட்டேன். நான் என்னதான் பண்ணினேன், சொல்லு!

"ஐயோ, உங்களுக்குத் தெரியாதா? குளிர்காலம் வந்தா அவளுக்குக் கை கால் ஐஸாயிடும். அந்தப் பெட்டி பின்னாடி சூடா காத்து வரும், அதுல முதுகைக் காட்டிட்டு உக்காந்துப்பா. நீங்க கொண்டு வந்ததுலயே அவளுக்குப் பிடிச்சது அது ஒண்ணுதான்."

அடப்பாவி. எந்தச் சூட்டை ஒழிக்க நான் நாயாய் அலைந்தேனோ, அதுக்குத்தான் அந்தப் பிள்ளை வந்து உட்கார்ந்திருக்கு. பக்கத்துலயே இருந்துட்டு இதுகூடத் தெரியல எனக்கு. குளிருதுன்னு ஒரு வார்த்தை — சரி, யார்கிட்ட சொல்லும்? ஹலோகிட்டயா?

நவம்பர் 18, செவ்வாய்

மெழுகுக்காரரிடம் புலம்பினேன். வயிறு குலுங்கச் சிரித்துவிட்டுச் சொன்னார்: "அறுபத்தஞ்சு வாட் வாங்குங்கன்னு அன்னைக்கே சொன்னேனே!"

நவம்பர் 22, சனி

பரணிலிருந்து பழைய பெட்டியை இறக்கினேன். தூசி தட்டி, அதே மூலையில் வைத்து, ஸ்விட்சைப் போட்டேன். ஒரு படத்தைப் போட்டுவிட்டு, டிவி ஒயரைக் கழற்றிவிட்டேன். பார்க்க ஆளில்லாமல், வெறும் சூட்டுக்காக ஓட விட்டேன். மகாராஜாவாக அலறியது. இவள் தலையில் அடித்துக்கொண்டு சோபாவின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்தாள். புதுப் பெட்டி சத்தமில்லாமல் படத்தை ஆரம்பித்தது.

மகள் எட்டிப் பார்த்தாள். மூலையைப் பார்த்தாள், டிவியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று எனக்கே தெரிந்தது.

"வாட்டப்பா, அதை ஆஃப் பண்ணுங்க. ஒண்ணும் கேக்கல."

எழுந்து போய் அணைத்தேன். திரும்பி வந்தால் சோபாவின் நடுவில் அவள். நான் உட்கார்ந்ததும், ஐஸ்கட்டி மாதிரி இருந்த இரண்டு பாதங்களையும் என் தொடைக்கு அடியில் சொருகிக்கொண்டாள்.

"எங்க சயின்ஸ் டீச்சர் சொன்னாங்க, ஒரு ஆள் சும்மா உக்காந்திருந்தாலே நூறு வாட்டு சூடு வருமாம். ஆடாம இருங்க."

இப்போது இந்தப் பக்கத்தில் பிரித்து எழுதிப் பார்க்கிறேன். வாட்டு + அப்பா. பள்ளியில் படித்த புணர்ச்சி விதி சரியாகத்தான் வேலை செய்கிறது. உகரம் ஓடிவிட்டது, அப்பா நிற்கிறது.

நூறு வாட். விசிறி இல்லை. சத்தமும் இல்லை, நான்தான் வாயே திறக்கவில்லையே. கடைசிவரை ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். படத்தில் என்ன கதை என்று கேட்டால் சொல்லத் தெரியாது.